பதினைந்து பாகையும் ஓர் அங்குலமும்

நடேசலிங்கம் சேர் அன்று கணக்கைப் பிழைவிட்டாரா, அல்லது தெரிந்துகொண்டே ஓர் அங்குலத்தை விட்டுக்கொடுத்தாரா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் இருந்தபோது நேராகவே கேட்டிருக்கிறேன், ஒரு தரம் பஸ்ஸில், இன்னொரு தரம் தொலைபேசியில். இரண்டு தரமும் அவர் வேறு எதையோ பேசினார். இனிக் கேட்க வழியில்லை.

அவர் இறந்த செய்தி எனக்குப் பதுளையிலிருந்து வரவில்லை. அவர் குடியிருந்த வீதியும் நான் கணிதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடமும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் முதலில் என்னை அழைத்தவர் அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் புஷ்பம். இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த நேரம்.

"டீச்சர், டீ.ஓ. ஐயா போயிட்டாராம்ங்க. ஒங்களுக்குச் சொன்னாங்களா?"

எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டேன்.

"ராஜு பாஸ்தாங்க. பதுளையில வேலைக்கு வந்திருக்காரு. ஐயாவ பாத்துட்டுப் போவோம்னு வீட்டுக்குப் போனா, வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்களாம். காலையில நாற்காலியில ஒக்காந்த மேனிக்கே போயிட்டாராம். இவருகிட்ட சொன்னதுலேருந்து ஒரு வா தண்ணி குடிக்க மாட்டேங்கிறாரு டீச்சர்."

'இவர்' என்று அவர் சொன்னது தம் கணவர் மாரிமுத்துவை. ராஜு பாஸ் எங்களுக்குத் தெரிந்த கட்டட மேசன். தொலைபேசியை வைத்துவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய் முக்கோணங்களைத்தான் நடத்தினேன்.

எங்கள் சங்கத்தின் இந்த மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவரை அறிவீர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அரச கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் தொழில்நுட்ப உத்தியோகத்தராக, அதாவது டீ.ஓ.வாக, இளம் வயதில் பதுளைக்கு மாற்றலாகி வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் திரும்பிப் போகவில்லை. மனைவி காலமான பின் மகன் வெளிநாட்டுக்கு வரச் சொல்லிப் பல தரம் கூப்பிட்டார். அதற்கும் அசையவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம்: "அங்கை கூரையெல்லாம் பனிக்கெண்டு கட்டினது. எனக்குப் பனியைப் பற்றி ஒண்டும் தெரியாது."

இத்தனை காலம் மலையில் இருந்தும் அவர் பேச்சில் ஒரு சொல் மாறவில்லை. தோட்டங்களில் அதை வைத்துச் சிரிப்பார்கள். "ஐயா ஓம் ஓம்னு சொல்லும்போது சாமி கும்புடணும் போல இருக்குங்க," என்று புஷ்பம் ஒரு தரம் அவர் முகத்துக்கு நேரேயே சொன்னார். "கும்பிடுங்கோ. ஆனால் முதலிலை அந்த ஏணியைப் பிடியுங்கோ," என்றார் அவர்.

நடமாட இயலாதவர்கள் இருக்கும் வீடுகளில் சிறு திருத்தங்கள் செய்து கொடுப்பது எங்கள் சங்கத்தின் வேலை. நான் அதன் செயலாளர். அவர் எங்கள் தொழில்நுட்ப ஆலோசகராக வந்த முதல் கூட்டத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நாங்கள் கூரை மாற்றிக் கொடுத்த ஒரு பிள்ளைக் காம்பரா, அதாவது தோட்டத்துப் பெண்கள் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம், முதல் மழையிலேயே உள்ளே நனைந்துபோயிருந்தது. தகரம் தரமில்லை, ஆணி தரமில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் எல்லோரையும் பேசவிட்டு, என் பக்கம் திரும்பி, "டீச்சர், உங்கடை பெட்டிக்குள்ளை பாகைமானி இருக்கோ?" என்று கேட்டார்.

இருந்தது. பள்ளிக்கூடத்து நீல நிறப் பிளாஸ்டிக் பாகைமானி. அதன் நடுத்துளையில் ஒரு நூலைக் கோத்து, நூலின் நுனியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டினார். மறுநாள் அந்தப் பிள்ளைக் காம்பராவுக்குப் போய், கூரை மரத்தின் அடியில் அதன் நேர் விளிம்பை ஒட்டிப் பிடித்து, நூல் எந்தக் கோட்டில் தொங்குகிறது என்று பார்த்தார். "எட்டுப் பாகை. இது கூரை இல்லை, மேசை," என்றார். அன்றைக்கு அவர் ஒரு விதியைப் போட்டார். எங்கள் சங்கம் கட்டும் தகரக் கூரை எதுவும் பதினைந்து பாகைக்குக் குறைவாகச் சரியக் கூடாது. பாகைமானியை அவர் திருப்பித் தரவேயில்லை.

ஏன் பதினைந்து, ஏன் பன்னிரண்டு இல்லை என்று நான் வாதாடினேன். மொனராகலைப் பக்கம் இதைவிடத் தட்டையான கூரைகளின் கீழ் மக்கள் நனையாமல்தானே இருக்கிறார்கள் என்று கேட்டேன். "மொனராகலையிலை மழை மேலையிருந்து விழுது. இஞ்சை பக்கத்தாலை வருது. அப்புத்தளையிலை கீழையிருந்தும் வரும். நீங்கள் பாத்ததில்லையோ?" என்றார். பார்த்திருக்கிறேன். மலையிடுக்கில் காற்று மேல்நோக்கி ஏறும் நாட்களில் தூறல் சரிவில் ஏறி வந்து குடையின் உட்புறத்தை நனைப்பதை நானும் கண்டிருக்கிறேன். தட்டையான கூரையில் ஒரு தகரம் இன்னொன்றின் மேல் ஏறும் இடத்தில் அந்தக் காற்று தண்ணீரைத் திருப்பி உள்ளே தள்ளிவிடும். கண்ணால் கண்டும் அதைக் கூரையோடு சேர்த்து யோசிக்காமல் இருந்திருக்கிறேன். அவர் விதியை அதன் பிறகுதான் ஏற்றுக்கொண்டேன்.

அந்த விதியில் அவர் அரைப் பாகைகூட இளக மாட்டார். சங்கத்தில் பெரிய மனிதர் ஒருவர், தமக்கு வேண்டிய குடும்பத்தின் கூரை பதினான்கு பாகைதான் வருகிறது, விட்டுவிடலாமே என்று கேட்டபோது, ஏற்றிய தகரத்தைக் கழற்றச் சொல்லி நின்று கழற்றவைத்தார். விருந்துக்குப் போன இடத்திலும் விடமாட்டார். எல்லவில் என்னோடு படிப்பிக்கும் ஒருவரின் புதுமனைக்குப் போயிருந்தோம். எல்லோரும் தரையின் மாபிளைப் புகழ்ந்துகொண்டிருக்க, இவர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபடி, "இது என்ன, ஒரு பன்னிரண்டு வருமோ?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார். வீட்டுக்காரரின் முகம் சுருங்கியது. அவர் மனைவிதான், "சேர், பாயாசம் ஆறுது. கூரை ஆறாது, வாங்க," என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அவரிடம் ஒரு கேள்வி உண்டு. யார் எந்த நீளத்தைச் சொன்னாலும் அதைத்தான் முதலில் கேட்பார். "எங்கை நிண்டு அளந்தனீங்கள்?" கேட்கும் தொனியில் கொஞ்சம் எரிச்சல் இருக்கும். பலருக்கு அது பிடிக்காது. எனக்கும் வெகு காலம் பிடிக்கவில்லை.

இனி அந்த அங்குலத்துக்கு வருகிறேன்.

மாரிமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். நெடிய மனிதர். சர்க்கரை நோயில் ஒரு காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இரண்டு கக்கத்திலும் கட்டை வைத்துத்தான் நடப்பார். அவர்கள் இருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் மண் சரியத் தொடங்கியதால் அந்த வரிசைக் குடும்பங்களுக்குத் தனித்தனி வீடுகள் கிடைத்திருந்தன. வீடு நல்ல வீடு. ஆனால் வாசற்படிக்கு மேலே கூரை நீளவில்லை. ஒரு நாள் நனைந்த படியில் கட்டை வழுக்கி விழுந்தவர், அதற்குப் பிறகு மழை நாட்களில் வெளியே வருவதை நிறுத்திவிட்டார். அந்த மேட்டில் மழை நாட்கள் என்றால் வருடத்தில் பாதி. கழிப்பறை முற்றத்தின் ஓரத்தில், வீட்டுக்கு வெளியே இருக்கிறது.

"மழை வந்தா வாளிதாங்க," என்றார் புஷ்பம். மாரிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வீட்டின் முன்னால் ஒரு இஸ்தோப்புப் போடுவதென்று முடிவானது. லயங்களில் முன்பக்கத் தாழ்வாரத்தை அப்படித்தான் சொல்வார்கள். வாசல் சுவரில் எட்டடி உயரத்தில் தொடங்கி, எதிரே தூண்களின் மேல் கிடக்கும் ஒரு மரத்தில் போய் இறங்கும் தகரக் கூரை. அந்த மரத்தின் அடியால்தான் மாரிமுத்து வெளியே போக வேண்டும். கட்டைகளின் மேல் நிற்கும்போது அவர் உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். பதுளையில் நானும் சேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எட்டடித் தகரம், பதினைந்து பாகைச் சரிவு. சுவர்ப் பக்கம் ஏறும் பகுதியும் தூணுக்கு வெளியே நீளும் பகுதியும் போக, தூண்கள் சுவரிலிருந்து ஆறே முக்கால் அடியில் நிற்கும். கூரை இருபத்திரண்டு அங்குலம் இறங்கும். முன் மரம் ஆறடி இரண்டு அங்குலத்தில் கிடக்கும். மாரிமுத்துவின் தலைக்கு மேலே மூன்று அங்குலம் மிச்சம். கட்டட வேலையை ஏற்றிருந்த ராஜு பாஸுக்குச் சேர் தொலைபேசியில், "எட்டடித் தகரம், பதினைஞ்சு பாகை," என்று சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூண்கள் நின்றுகொண்டிருந்தன. அடியில் போட்ட கொங்கிரீட் நன்றாக இறுகியிருந்தது. ராஜு பாஸ் பெருமையோடு ஒரு தகரத்தைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக் காட்டினார். தகரம் தூணை எட்டவில்லை.

"என்னங்க இது, தூணு மழையில நிக்குது?" என்றார் புஷ்பம்.

உள்ளே கட்டிலில் இருந்து மாரிமுத்துவின் குரல் வந்தது: "தூணுக்கு ஒரு கொடை வாங்கிக் குடு."

நடந்தது இதுதான். தோட்டத்தில் இடத்தைத் தகரத்தால்தான் சொல்வார்கள். எட்டடித் தகரம் என்றால் எட்டடி இஸ்தோப்பு. ராஜு பாஸ் தரையில் எட்டடி அளந்து குழி வெட்டியிருந்தார். தகரம் சாய்ந்து கிடக்கும்போது தரையில் அவ்வளவு தூரம் போகாது என்பதை அவர் எண்ணவில்லை.

"எங்கை நிண்டு அளந்தனீங்கள்?" என்றார் சேர்.

"தரையிலதாங்க ஐயா."

"தகரம் தரையிலையோ கிடக்கப்போகுது?"

"லயத்துல எல்லாம் அப்புடித்தானுங்களே சொல்றது..."

தூணை உள்ளே தள்ளி நடலாமா என்றால், உள்ளே வெட்டினால் பாறை. சுவர்ப் பக்கம் கூரையை உயர்த்தலாமா என்றால், பழைய கூரையின் விளிம்பு இடிக்கிறது. தரையைத் தாழ்த்தினால் முற்றத்துத் தண்ணீர் உள்ளே வரும். பத்தடித் தகரம் போட்டால் தூணை எட்டலாம். ஆனால் தூரம் கூடினால் இறக்கமும் கூடும். நான் அங்கேயே கணக்குப் போட்டேன். தரையில் எட்டடி என்பது தொண்ணூற்றாறு அங்குலம். பதினைந்து பாகைக்கு இருபத்தாறு அங்குலம் இறங்க வேண்டும், ஒரு கால் அங்குலம் குறையலாம். முன் மரம் ஐந்தடி பத்து அங்குலத்தில் வரும்.

"அப்ப இடிக்குமா டீச்சர்?" என்று புஷ்பம் கேட்டார்.

"இடிக்கும்."

"எவ்வளவு?"

"ஓர் அங்குலம்."

"ஒரு அங்குலத்துக்கு லேசா குனிஞ்சிக்கிட்டா போச்சு," என்றார் ராஜு பாஸ்.

புஷ்பத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ குனிஞ்சு பாரு! கட்டைய கக்கத்துல குடுத்துட்டுக் குனிஞ்சு காட்டு பாப்போம்!" உள்ளே போய் மாரிமுத்துவின் கட்டைகளை எடுத்து வந்து அவர் கையில் திணித்தார். ராஜு பாஸும் விடவில்லை. ஒரு காலை மடக்கிக்கொண்டு, கட்டைகளை ஊன்றி, தலையை மட்டும் தாழ்த்தப் பார்த்தார். கட்டைகள் பின்னால் நிற்க, ஆள் முன்னால் போய் மணல் குவியலில் விழுந்தார். கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மாரிமுத்து, நான் அறிந்து முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார்.

சேர் சிரிக்கவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு தூணுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். உதடுகள் அசைந்தன. பிறகு சொன்னார்: "ராஜு, இருபத்தைஞ்சு அங்குலம் இறக்குங்கோ. பதினைஞ்சு பாகை சரியா வரும்."

"இருபத்தாறு, சேர்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "எங்கை நிண்டு அளந்தனீங்கள்?"

"தரையில்."

"ஓம்," என்றார். பிறகு ராஜு பாஸ் பக்கம் திரும்பி, "இருபத்தைஞ்சு," என்றார் மறுபடியும்.

அந்த இருபத்தைந்து எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி. தரையில் அளந்த நீளத்திலிருந்து இறக்கத்தைக் காண ஒரு பெருக்கெண். சாய்ந்து கிடக்கும் தகரத்தின் மேல் அளந்த நீளத்திலிருந்து காண வேறொன்று. வகுப்பில் முன்னதைத் தான்சன் என்றும் பின்னதைச் சைன் என்றும் படிப்பிக்கிறோம். எட்டடியைத் தகரத்தின் மேல் அளந்ததாக எடுத்துக்கொண்டு சைனால் பெருக்கினால், விடை இருபத்தைந்துக்கு மிகக் கிட்ட வருகிறது. அதாவது எந்தப் பிழைக்காக ராஜு பாஸைக் கடிந்துகொண்டாரோ, அதே பிழையை அடுத்த நிமிடத்தில் அவரும் செய்திருக்கலாம். அந்த மாதங்களில் அவருக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. களைப்பாக இருப்பார். நாட்களை மாற்றிச் சொல்வார். பிழை நடந்திருக்கக்கூடும்.

அல்லது, இருபத்தைந்து அங்குலம் இறங்கினால் மரம் ஐந்தடி பதினோரு அங்குலத்தில் நிற்கும் என்று தெரிந்தே சொல்லியிருக்கலாம். அப்படியானால் சரிவு பதினைந்து பாகைக்குச் சற்றே குறைகிறது. பெரிய மனிதர் கேட்டும் அரைப் பாகை இளகாதவர், இங்கே தம் விதியைத் தாமே, யாருக்கும் சொல்லாமல் உடைத்தார் என்றாகிறது. வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அடுத்த கூட்டத்திலேயே எல்லோரும் அதைக் காட்டித் தங்களுக்கும் சலுகை கேட்டிருப்பார்கள். சொல்லாமல் விட்டதற்கு அது காரணமாக இருக்கலாம். இதுவும் என் ஊகம்தான். பிழைவிடும் நடேசலிங்கம் சேர், விதியை மீறும் நடேசலிங்கம் சேர், இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது.

இறங்கி வரும் பஸ்ஸில் கேட்டேன். "சேர், அது சைனா, தான்சனா?" அவர் கண்ணாடிக்கு வெளியே மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உந்த ட்ரைவர் வளைவிலை ஹோர்ன் அடிக்கிறானில்லை, கவனிச்சனீங்களோ?" என்றார். பண்டாரவளை வரும்வரை ட்ரைவரைப் பற்றியே பேசினார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு தொலைபேசியில் மறுபடி கேட்டேன். அவர் பதிலுக்கு ஒன்று கேட்டார்: "மாரிமுத்து வெளியிலை வாறாரோ?"

"வருகிறாராம். புஷ்பம் சொன்னார்."

"பேந்தென்ன வேணும்?" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இறுதிச் சடங்கு அவர் வாடகைக்கு இருந்த பதுளை வீட்டிலிருந்தே நடந்தது. மகன் வந்து சேர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அவர் தங்கையின் மகளும் வந்திருந்தார். தோட்டத்திலிருந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாரிமுத்து வரவில்லை. வேனின் படி அவருக்கு உயரம். அவர்கள் எல்லோரும் முற்றத்தில் ஒதுங்கி நின்றார்கள். நானும் போய் அவர்களோடு நின்றேன். இருபத்தைந்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ராஜு பாஸிடம் கேட்டேன். அந்த இடத்தில் கேட்கிற கேள்வி இல்லைதான்.

"ஐயாவும் நம்மள மாதிரி தகரத்துலதான் அளந்துட்டாரு டீச்சர்," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலில் ஒரு பெருமை இருந்தது. "என்னைய அந்த ஏச்சு ஏசிப்புட்டு, அவரும் அதையேதான் செஞ்சாரு."

"வாய மூடு," என்றார் புஷ்பம் தாழ்ந்த குரலில். "ஐயாவுக்கா தெரியாது? மொத வாட்டி வந்தப்பவே இவர வாசல்ல நிக்க வெச்சுக் கட்டையோட அளந்தவரு. தெரிஞ்சுதான் சொன்னாரு."

"தெரிஞ்சு செஞ்சவரு எதுக்குக்கா ஒரே ஒரு அங்குலம் விட்டாரு? தாராளமா மூணு விட்டிருக்கலாமே? ஐயாவ யாரு கேக்கப்போறா?"

புஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அவருக்கு அவ்வளவுதான் மனசு வந்துச்சு போல," என்றார்.

பறை முழங்கத் தொடங்கியதால் பேச்சு அங்கே நின்றது. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எந்தப் பக்கமும் சாய எனக்குச் சான்று போதவில்லை.

புறப்படும்போது அவர் தங்கையின் மகள் என்னிடம் வந்து, "மாமான்ரை மேசையிலை இது கிடந்தது. பள்ளிக்கூடத்தின்ரை பேர் போட்டிருக்கு. உங்கடையோ?" என்று கேட்டார். நீல நிறப் பாகைமானி. நூலும் நட்டும் அப்படியே இருந்தன.

அதைப் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் திருப்பி வைத்துவிடுவேன். அது பள்ளிக்கூடத்துடையது. நான் வைத்துக்கொள்வது அவருடைய கேள்வியை. ஒரு மாணவி "எட்டடி" என்று விடை சொன்னால், எங்கே நின்று அளந்தாய் என்று இப்போது நானும் கேட்கிறேன். ஆசிரியர் அறையில் யாராவது ஒரு குடும்பத்தைப் பற்றியோ ஒரு பிள்ளையைப் பற்றியோ தீர்த்துச் சொன்னால், அதே கேள்வி நாக்கு நுனிவரை வருகிறது. பெரும்பாலும் வாய்விட்டுக் கேட்பதில்லை. என்னையும் எங்கே நின்று அளந்தேன் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால் அது அவ்வளவு வசதியான உடைமை அல்ல. அவர் எனக்கு வசதியான எதையும் ஒருபோதும் தந்ததில்லை.

இறுதிச் சடங்குக்கு அடுத்த நாள் சனிக்கிழமை. நான் பாகைமானியையும் ஒரு அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு அப்புத்தளைக்குப் போனேன். துக்கம் விசாரிக்கப் போனதாகப் புஷ்பம் நினைத்திருப்பார். நான் அளக்கப் போனேன்.

தூறிக்கொண்டிருந்தது. காற்று பள்ளத்திலிருந்து மேலே வந்தது. பாகைமானியைக் கூரை மரத்தில் ஒட்டிப் பிடித்தேன். நூல் பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஆடியது. காற்று அடங்கக் காத்திருந்தும், அந்த விரலளவுப் பிளாஸ்டிக்கில் அரைப் பாகையைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நாடாவை எடுத்து முன் மரத்திலிருந்து தரைவரை அளந்தேன். ஐந்தடி பதினொன்று. ஒரு காலடி தள்ளி அளந்தபோது சற்றுக் கூடியது. தண்ணீர் வழிய வேண்டும் என்று ராஜு பாஸ் தரையையும் சாய்த்துப் பூசியிருக்கிறார். நான் எங்கே நிற்கிறேன் என்பதைப் பொறுத்து விடை மாறியது. அந்தக் குரலில் கேள்வி காதில் கேட்டது. நாடாவைச் சுருட்டினேன்.

மூலையில் ஒரு சட்டி வைத்திருந்தார்கள். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "காத்து இந்தப் பக்கம் அடிச்சா மட்டுங்க," என்றார் புஷ்பம். அது சேருடைய அரைப் பாகையால் வந்ததா, ராஜு பாஸின் ஆணித் துளையால் வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. வாசற்படி காய்ந்திருந்தது.

முன் மரத்தின் அடியில், நடுவாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த கறை இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அது என்ன என்று கேட்டேன்.

"அது என் தலைங்க டீச்சர்," என்றார் மாரிமுத்து உள்ளேயிருந்து.

"இடிக்கிறதா?"

"இடிக்கிறதில்ல. லேசா ஒரசும். எண்ணெக் கறை."

"தெனமும் தொடைச்சுத் தொடைச்சு எனக்குக் கையி ஓஞ்சு போச்சு," என்றார் புஷ்பம். "எண்ணெயக் கொறைங்கன்னா கேக்கிறாரா? மாப்பிள்ள மாதிரி பூசிக்கிட்டு வருவாரு."

விரலால் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பு இல்லை. மரம் உலர்ந்திருந்தது.

மாரிமுத்து கட்டைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றார். நான் விலகி நின்றேன். அவர் படியில் கட்டைகளை ஊன்றி இறங்கி, இஸ்தோப்பைக் கடந்து, மரத்தின் அடிக்கு வந்தார். குனியவில்லை. வேகத்தைக் குறைக்கவும் இல்லை. தலைமயிர் மரத்தில் உரசும் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். புதிதாக எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

"இன்னைக்கு ஒட்டாதுங்க," என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். "ஐயா சேதி வந்ததுலேருந்து நான் எண்ணெ வெக்கல."